84 சதவீத வெற்றியை மறுபடி எண்ணிப் பார்ப்போம்: யூரோ-டாலரில் எதிர்த்திசை ஸ்கால்ப்பிங்

தம்பி கேட்டிருந்தது இதுதான். சிங்கப்பூரில் வேலை, மாலை நேரம் கையில் இருக்கிறது. யூரோ-டாலரில் ஸ்கால்ப்பிங், அதாவது சில நிமிடங்களில் சின்ன லாபம் எடுத்து வெளியேறும் டிரேடிங், ஐந்து நிமிட சார்ட்டில். கேண்டில் (ஐந்து நிமிட விலை அசைவைக் காட்டும் கட்டை) போலிஞ்சர் பேண்டுக்கு (சராசரி விலைக்கு மேலும் கீழும் வரையும் எல்லைக் கோடுகள்) வெளியே முடிந்து, ஆர்எஸ்ஐ (விலை ஏறிய, இறங்கிய வேகத்தை 0 முதல் 100 வரை சொல்லும் எண்) 70க்கு மேலேயோ 30க்குக் கீழேயோ இருந்தால் எதிர்த்திசையில் நுழைகிறார். டார்கெட் 5 பிப் (ஒரு பிப் என்பது விலையில் 0.0001), ஸ்டாப் லாஸ், அதாவது நஷ்டத்தை வெட்டி வெளியேறும் இடம், 15 பிப். மதியம் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை. இரண்டு மாத டெமோவில் (உண்மைப் பணம் இல்லாத பயிற்சிக் கணக்கில்) 62 டிரேட், அதில் 52 வெற்றி, 10 தோல்வி. நான்கு முறை மட்டும் ஸ்டாப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறார், நான்கும் திரும்பி வந்து லாபத்தில் முடிந்தன. கையில் 2000 அமெரிக்க டாலர் இருக்கிறது. உண்மைக் கணக்கில் இறங்கலாமா, டிரெண்டுக்கு எதிராகப் போகவே கூடாது என்று எல்லோரும் சொல்வது உண்மையா என்பது கேள்வி.

முதலில் அந்த நான்கு டிரேடைப் பேசிவிடுவோம், ஏனென்றால் மொத்தக் கதையும் அங்கேதான் இருக்கிறது. விதிப்படி அவை தோல்விகள். 15 பிப் போனதும் வெளியேறியிருக்க வேண்டும். நீங்கள் வெளியேறவில்லை, விலை தயவு பண்ணியது. அந்த நான்கையும் இருக்க வேண்டிய பக்கத்தில் போட்டுக் கணக்குப் பாருங்கள்: 48 வெற்றி, 14 தோல்வி, அதாவது 77 சதவீதம். 48 பெருக்கல் 5, 240 பிப் வரவு. 14 பெருக்கல் 15, 210 பிப் செலவு. மிச்சம் 30 பிப், 62 டிரேடுக்கு. ஒரு டிரேடுக்கு அரை பிப் கூட இல்லை. 84 சதவீதம் என்று பார்த்தபோது இருந்த 110 பிப் எங்கே, இந்த 30 எங்கே.

இப்போது டெமோ காட்டாத செலவைச் சேர்ப்போம். டெமோவில் நீங்கள் கிளிக் செய்த விலை அப்படியே கிடைக்கும். உண்மைக் கணக்கில், அதுவும் கேண்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது மார்க்கெட் ஆர்டர் (அப்போது கிடைக்கும் விலைக்கே உடனே நிறைவேறுவது) போட்டால், 0.3 பிப் அளவுக்குத் தள்ளிக் கிடைப்பது சாதாரணம், இதற்குத்தான் ஸ்லிப்பேஜ் என்று பெயர். 62 டிரேடுக்கு 18.6 பிப். ஸ்டாப் லாஸ் என்பது விலை தொட்டதும் மார்க்கெட் ஆர்டராக மாறுகிற ஒன்று, அது தொடப்படும்போது விலை உங்களுக்கு எதிராக வேகமாகப் போய்க்கொண்டிருக்கும், அதனால் சராசரியாக 1 பிப் என்று வைத்தால் 14 தோல்விக்கு 14 பிப். இரண்டும் சேர்ந்து 32.6. உங்களிடம் இருந்தது 30. அவ்வளவுதான், லாபம் முழுக்க முடிந்துவிட்டது. நான் கடுமையாகக் கணக்குப் போடவில்லை, இதைவிட மோசமான ஸ்லிப்பேஜ் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, அப்படியானால் 77 சதவீதம் ஜெயிப்பது திறமையே இல்லையா என்று கேட்பீர்கள். இதற்கு நேராகப் பதில் சொல்ல ஒரு சின்னக் கணக்கு தேவை, தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். எந்த விதியும் இல்லாமல், காசைச் சுண்டிப் போட்டு நுழைகிறீர்கள் என்று வையுங்கள். ஒரு பக்கம் 5 பிப் தூரத்தில் ஒரு சுவர், மறுபக்கம் 15 பிப் தூரத்தில் ஒரு சுவர். விலை குடித்தவன் போலத் தள்ளாடுகிறது. கிட்டே இருக்கும் சுவரில்தான் அடிக்கடி முட்டும்: நான்கில் மூன்று தடவை, அதாவது 75 சதவீதம். இதில் 1 பிப் ஸ்பிரெட் (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம்) சேர்ந்தால் டார்கெட் சுவர் 6 பிப் தூரத்துக்குப் போகிறது, ஸ்டாப் சுவர் 14 பிப்புக்கு நெருங்கி வருகிறது. இருபதில் பதினான்கு, 70 சதவீதம். ஆக ஒன்றுமே தெரியாதவனும் 5க்கு 15 என்று வைத்தால் 70 சதவீதம் ஜெயிப்பான், ஒவ்வொரு டிரேடிலும் சராசரியாகச் சரியாக 1 பிப், அதாவது அந்த ஸ்பிரெட்டை, இழப்பான்.

இன்னொரு படி போங்கள். ஸ்டாப்பை 45 பிப்புக்குத் தள்ளி வைக்கிறோம். இப்போது அதே காசு சுண்டுகிறவன் ஐம்பதில் நாற்பத்து நான்கு தடவை ஜெயிப்பான், 88 சதவீதம். வரவு 0.88 பெருக்கல் 5, 4.4 பிப். செலவு 0.12 பெருக்கல் 45, 5.4 பிப். சராசரி இழப்பு மறுபடியும் அதே 1 பிப். வெற்றி விகிதம் 70லிருந்து 88க்கு ஏறியது, நஷ்டம் ஒரு பைசா குறையவில்லை. விளம்பரங்களில் 90 சதவீதம், 95 சதவீதம் என்று போடுகிறார்களே, அது ஸ்டாப் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதன் அளவு மட்டுமே. உங்கள் நான்கு டிரேடில் நீங்கள் செய்ததும் இதையேதான்.

ஆனால் உங்களிடம் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். சும்மா இருந்தாலே வரும் 70க்கும் உங்கள் 77க்கும் நடுவில் 7 சதவீதம் இருக்கிறது. அது தற்செயலாகவும் வரலாம், 62 டிரேடில் அந்த அளவு ஆட்டம் சகஜம். அது தற்செயல் இல்லை என்று நம்ப 300 டிரேடாவது வேண்டும். அது செலவையும் தாண்டி லாபம் தரும், அதாவது 75க்கு மேல் உண்மையிலேயே நிற்கிறது என்று நம்ப ஆயிரத்துக்கும் மேல் வேண்டும். இந்த முறையில் லாபத்தின் அளவு அவ்வளவு மெல்லியது. அதனால்தான் சொல்கிறேன், எங்கே நுழைவது என்ற விதியை மேலும் மேலும் கூர்மையாக்குவதில் பெரிய பலன் இல்லை. எந்த ஓட்டத்தின் முன்னால் போய் நிற்கவே கூடாது என்ற விதிதான் இந்த முறையின் உயிர்.

இதைப் புரிந்துகொள்ள, விலை ஏன் திரும்பி வருகிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். பேண்டைத் தொட்டதால் விலை திரும்புவதில்லை. லிட்டில் இந்தியாவில் பணம் மாற்றும் கடை வைத்திருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிறு மாலை வருகிறவர் எல்லாம் சிங்கப்பூர் வெள்ளியைக் கொடுத்து ரூபாய் கேட்கிறார்கள். ரூபாய்க் கட்டுகள் கரைகின்றன. அவர் என்ன செய்வார்? ரூபாயின் விலையைக் கொஞ்சம் ஏற்றுவார். ரூபாய் விற்க நினைக்கிறவர் யாராவது அந்த விலைக்கு வந்து கொடுத்துவிட்டுப் போவார், கையிருப்பு சரியாகும், விலையும் பழைய இடத்துக்கு வரும். ரூபாயின் உண்மை மதிப்பில் எதுவும் மாறவில்லை, கூட்டம் ஒரே பக்கமாக வந்ததுதான் காரணம். வங்கிகளின் டீலிங் மேசையிலும் இதுவே பெரிய அளவில் நடக்கிறது. ஒரு கம்பெனி பத்து நிமிடத்துக்குள் 30 கோடி யூரோ வாங்கியாக வேண்டும் என்றால் விலை 10, 12 பிப் மேலே போகும். வாங்கி முடித்ததும் தள்ளுகிற கை நின்றுவிடும், விலை பாதியாவது இறங்கும். எதிர்த்திசை ஸ்கால்ப்பர் சம்பாதிப்பது அந்த இறக்கத்தில். அவசரப்பட்டவனுக்கு எதிர்ப்பக்கம் நின்று கொடுத்ததற்கான கூலி அது.

ஆனால் அதே கடைக்காரருக்கு, ரூபாயின் மதிப்பே மாறிவிட்டது என்ற செய்தி முதல் வாடிக்கையாளருக்குத் தெரிந்து தனக்குத் தெரியாமல் இருந்தால் என்ன ஆகும்? விலையை ஏற்றிக்கொண்டே போவார், யாரும் திரும்பக் கொண்டுவந்து கொடுக்க மாட்டார்கள். செய்தி தெரிந்தவன் தள்ளுகிற விலை திரும்பாது. சார்ட்டில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்: அதே பெரிய கேண்டில், அதே பேண்டுக்கு வெளியே முடிவு, அதே ஆர்எஸ்ஐ 78. வெல்ஸ் வைல்டர் 1978இல் அறிமுகப்படுத்திய ஆர்எஸ்ஐ ஒரு கணக்கு மட்டும்தான், சமீபத்தில் ஏறிய அளவையும் இறங்கிய அளவையும் ஒப்பிட்டுச் சொல்லும். யார் தள்ளினார்கள் என்று அதற்குத் தெரியாது. நல்ல டிரெண்ட் நாளில் அது 70க்கு மேலே ஏறி மணிக்கணக்கில் அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். போலிஞ்சர் பேண்டும் அப்படியே, விலையோடு சேர்ந்து விரிந்துகொண்டே போகும், நீங்கள் ஒவ்வொரு கேண்டிலிலும் "இப்போது வெளியே இருக்கிறது, இப்போது வெளியே இருக்கிறது" என்று விற்றுக்கொண்டே இருப்பீர்கள்.

வங்கி டீலருக்கும் நமக்கும் உள்ள வித்தியாசத்தையும் மறக்கக் கூடாது. அவர் ஸ்பிரெட்டை வாங்குகிறவர், நாம் கொடுக்கிறவர்கள். யார் வாங்குகிறார், எவ்வளவு பெரிய ஆர்டர் என்று அவர் கண்ணுக்குக் கொஞ்சமாவது தெரியும், நமக்குத் தெரிவது கேண்டில் மட்டும். அந்தக் குறையை ஈடு செய்ய நம்மிடம் இருப்பது ஒன்றே ஒன்று: எல்லா நேரமும் கடை திறந்து வைத்திருக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

இதனால் கடிகாரம்தான் முதல் விதி. லண்டன் காலை 8 மணி என்பது கோடையில் சிங்கப்பூர் மதியம் 3, குளிர்காலத்தில் 4. உலக நாணய வர்த்தகத்தில் ஏறக்குறைய 38 சதவீதம் பிரிட்டனில், பெரும்பாலும் லண்டனில், நடப்பதாகப் பன்னாட்டுத் தீர்வு வங்கியின் 2022 கணக்கெடுப்பு சொன்னது, அந்த நகரம் வேலைக்கு வந்து உட்காரும் முதல் ஒரு மணி நேரத்தில் எதிர்த்திசையில் நிற்பது என் பார்வையில் வீண் துணிச்சல். அன்றைய திசையே அப்போதுதான் முடிவாகும். அடுத்தது நியூயார்க் காலை 8:30, அமெரிக்கப் பணவீக்கம், வேலைவாய்ப்பு போன்ற முக்கியப் புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் அப்போது வரும், சிங்கப்பூரில் கோடையில் இரவு 8:30, குளிர்காலத்தில் 9:30. அதற்கு 20 நிமிடம் முன்னாலிருந்து 40 நிமிடம் பின்னால் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். நியூயார்க் காலை 10 மணிக்கு ஆப்ஷன்கள் (குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தங்கள்) காலாவதியாகும், அதே நேரம் இன்னும் சில புள்ளிவிவரங்களும் வரும். லண்டன் மாலை 4 மணிக்கு ஃபிக்ஸ், நிதி நிறுவனங்கள் பெரிய தொகையை அந்த ஒரு விலைக்கு மாற்றிக்கொள்ளும் நேரம், மாதக் கடைசி நாளில் அது இன்னும் உக்கிரம். இவற்றை எல்லாம் கழித்துவிட்டால் உங்கள் பத்து மணி நேரத்தில் மிச்சம் இருப்பது லண்டன் காலை 10 மணிக்கு மேல் நியூயார்க் எழுந்திருக்கும் வரையிலான மந்தமான இடைவெளியும், அப்புறம் உதிரியாகச் சில துண்டுகளும்தான். போதும். அந்த இடைவெளியில் புதிதாகத் தெரிய வருவது குறைவு, அதனால் வருகிற தள்ளல்களில் கம்பெனி ஆர்டர் மாதிரியானவை அதிகமாக இருக்க வாய்ப்பு உண்டு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் இங்கே தடுக்கி விழுவார்கள். அமெரிக்காவும் ஐரோப்பாவும் கடிகாரத்தை ஒரே நாளில் மாற்றுவதில்லை. மார்ச்சில் அமெரிக்கா முந்திக்கொள்ளும், இரண்டு மூன்று வாரம் இடைவெளி. அக்டோபர் கடைசியில் ஐரோப்பா முந்திக்கொள்ளும், ஒரு வாரம் இடைவெளி. உங்கள் விதியை சிங்கப்பூர் நேரத்தில் எழுதி வைத்தால் அந்த வாரங்களில் நீங்கள் தவிர்க்க நினைத்த நிமிடத்திலேயே போய் நிற்பீர்கள். விதியை லண்டன், நியூயார்க் நேரத்தில் எழுதுங்கள்.

காரணம் தெரிந்த தள்ளலுக்கு நல்ல உதாரணம் யூரோ-டாலரில் இல்லை, டாலர்-யென்னில் இருக்கிறது. ஜப்பானிய வங்கிகள் டோக்கியோ நேரம் காலை 9:55க்கு, சிங்கப்பூரில் 8:55க்கு, அன்றைக்கு வாடிக்கையாளருக்கான டாலர் விலையை நிர்ணயிக்கின்றன. இறக்குமதியாளர்கள் பில் கட்ட டாலர் வாங்கியாக வேண்டும். மாதத்தில் 5, 10, 15 என்று ஐந்தின் மடங்கில் வரும் தேதிகள் அங்கே கணக்குத் தீர்க்கும் நாட்கள், அதற்குக் கோத்தோபி என்று பெயரே உண்டு. அந்தக் காலைகளில் 9:55 வரை டாலர் மெல்ல ஏறுவதும், முடிந்ததும் கொஞ்சம் தளர்வதும் ஜப்பானிய டிரேடர்கள் பல காலமாகக் கவனித்து வரும் விஷயம். எல்லா நாளும் நடக்காது, ஊர் அறிந்த விஷயம் என்பதால் முன்கூட்டியே வாங்கி வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் இதை ஒரு மாதம் சும்மா உட்கார்ந்து பாருங்கள் என்று சொல்வேன். ஏன் விலை ஏறுகிறது, எப்போது அந்தக் காரணம் தீரும் என்று தெரிந்து எதிர்த்து நிற்பதற்கும், ஆர்எஸ்ஐ 72 என்பதற்காக எதிர்த்து நிற்பதற்கும் உள்ள வேறுபாடு அப்போது கண்ணில் படும்.

டிரெண்டுக்கு எதிராகப் போகவே கூடாதா என்ற கேள்விக்கும் இங்கிருந்தே பதில் வருகிறது. எந்த டிரெண்டுக்கு எதிராக என்று கேளுங்கள். ஒரு மணி நேர சார்ட்டில் விலை இறங்கிக்கொண்டிருக்கிறது, ஐந்து நிமிட சார்ட்டில் 12 பிப் மேலே துள்ளியிருக்கிறது, அந்தத் துள்ளலில் விற்றால் நீங்கள் சிறிய ஓட்டத்துக்கு எதிரி, பெரிய ஓட்டத்துக்குத் துணை. தவறிப்போனாலும் பெரிய ஓட்டம் உங்களைத் தூக்கிவிட வாய்ப்பு உண்டு. இரண்டு சார்ட்டிலும் மேலே போகிற ஒன்றை எதிர்த்து விற்பது வேறு விஷயம், அதைத்தான் பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள், அதில் அவர்கள் சொல்வது சரி. உங்கள் 14 தோல்வியையும் எடுத்து இந்த ஒரு கேள்வியால் பிரித்துப் பாருங்கள்.

நுழைவு விதியில் நான் மாற்றச் சொல்வது இரண்டு விஷயம். ஒன்று, பேண்டுகள் ஒடுங்கிப்போய் விலை ஒரு மணி நேரம் தூங்கிய பிறகு வரும் முதல் வெளியேற்றத்தை விட்டுவிடுங்கள். தூக்கத்திலிருந்து எழுந்து ஓடுகிற விலை பெரும்பாலும் காரணத்தோடு ஓடும். இரண்டு, வெளியே முடிந்த கேண்டிலில் உடனே பாயாமல், அடுத்து ஒரு கேண்டில் பேண்டுக்கு உள்ளே முடியும் வரை காத்திருந்து பாருங்கள். இதற்கு விலை உண்டு, 1 அல்லது 2 பிப் கையை விட்டுப் போகும், 5 பிப் டார்கெட்டில் அது பெரிய துண்டு. எனக்கு அது கொடுக்கத் தகுந்த விலையாகவே பட்டிருக்கிறது, உங்கள் பதிவேட்டில் இரண்டு விதமாகவும் எழுதி ஒப்பிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். 5, 15 என்று எண்ணை மாறாமல் வைப்பதும் சரியில்லை. கடந்த சில மணி நேரத்தின் ஏடிஆரை (விலை சராசரியாக அசையும் அளவை)ப் பார்த்து அதன் மடங்காக வையுங்கள், விலை 3 பிப் அசைகிற மதியமும் 9 பிப் அசைகிற இரவும் ஒன்றல்ல.

சிலர் மார்க்கெட் ஆர்டருக்குப் பதில் லிமிட் ஆர்டர் (சொன்ன விலை வந்தால் மட்டும் நிறைவேறுவது) வைத்தால் ஸ்பிரெட் மிச்சம் என்பார்கள். பாதி உண்மை. லிமிட் ஆர்டரில் ஒரு கெட்ட குணம் இருக்கிறது: விலை உங்கள் இடத்தை லேசாகத் தொட்டுவிட்டுத் திரும்பும் அருமையான டிரேடுகளில் ஆர்டர் நிறைவேறாமல் போய்விடும், உங்களை மிதித்துக்கொண்டு போகிற டிரேடுகள் ஒன்று விடாமல் நிறைவேறும். பேக்டெஸ்டில் (பழைய விலைகளில் ஓட்டிப் பார்க்கும் சோதனையில்) விலை தொட்டாலே கிடைத்ததாகக் கணக்கு வைப்பார்கள், அதனால் அங்கே தங்கமாக மின்னும். விலை உங்கள் ஆர்டரைக் கொஞ்சமாவது தாண்டிப் போனால்தான் கிடைத்ததாக எண்ண வேண்டும்.

பேக்டெஸ்ட் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். மெட்டாடிரேடர் 4 என்ற டிரேடிங் மென்பொருளின் சார்ட் காட்டுவது பிட் விலையை, அதாவது நாம் விற்கும்போது கிடைப்பதை, மட்டும். நீங்கள் விற்றிருந்தால் உங்கள் ஸ்டாப்பும் டார்கெட்டும் வேலை செய்வது ஆஸ்க் விலையில், அதாவது நாம் வாங்கும்போது கொடுப்பதில். "சார்ட்டில் விலை அங்கே போகவே இல்லை, என் ஸ்டாப்பை அடித்துவிட்டான் புரோக்கர்" என்று வரும் புகார்களில் பாதி இதுதான். குறிப்பாக நியூயார்க் மாலை 5 மணிக்கு, நாள் கணக்கு மாறும் நிமிடங்களில், 0.6 ஆக இருந்த ஸ்பிரெட் 5, 6 பிப் என்று விரியும். பிட் அசையாமல் இருக்கும், ஆஸ்க் போய் உங்கள் ஸ்டாப்பைத் தொட்டுவிட்டு வரும். அதனால் நுழையும் முன் ஸ்பிரெட் இவ்வளவுக்கு மேல் இருந்தால் டிரேட் இல்லை என்று ஒரு வரி விதியில் இருக்கட்டும், நாள் மாறும் நேரத்தில் கையில் எதையும் வைத்திருக்க வேண்டாம்.

வெளியேறுவது பற்றி. பலரும் கவனிக்காத, நான் மிகவும் மதிக்கிற விதி நேர ஸ்டாப். அவசரக்காரன் தள்ளிய விலை திரும்புவதாக இருந்தால் சீக்கிரம் திரும்பும். ஐந்து நிமிட சார்ட்டில் மூன்று நான்கு கேண்டிலுக்குள் ஒன்றும் நடக்கவில்லை என்றால், புதிய விலையைச் சந்தை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று அர்த்தம், நீங்கள் நுழைந்த காரணம் காலாவதி. லாபமோ நஷ்டமோ வெளியே வந்துவிடுங்கள். 15 பிப் நஷ்டங்கள் பலவற்றை இது 4, 5 பிப் நஷ்டமாகச் சுருக்கும், சில வெற்றிகளையும் பறிக்கும், வெற்றி விகிதம் பார்க்க அழகில்லாமல் 65 என்று இறங்கும். இறங்கட்டும். மொத்தக் கணக்குதான் முக்கியம்.

ஒரே நாளில் மூன்று தோல்வி தொடர்ந்து வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். மனசு கலங்கும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, அதுவும் உண்மைதான். இந்த முறையில் தோல்விகள் கூட்டமாக வரும். டிரெண்ட் நாளில் ஒரே காரணம் உங்களை மறுபடி மறுபடி அடிக்கிறது, மூன்றாவது தோல்வி வரும்போது அது துரதிர்ஷ்டம் இல்லை, "இன்று என் நாள் இல்லை, ஓட்டக்காரர்களின் நாள்" என்று சந்தை சொல்லும் தகவல். நஷ்டத்தில் இருக்கும்போது லாட்டை, அதாவது டிரேடின் அளவை, இரட்டிப்பாக்குவது பற்றி ஒரே வரி: 1, 2, 4, 8, 16, 32, 64 என்று ஏழு படியில் மொத்தம் 127 மடங்கு சந்தையில் நிற்கும், ஏழு தோல்வி கூட்டமாக வருவது இந்த முறையின் இயல்பு.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2014இல் யூரோ-பிராங்கில் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். சுவிஸ் மத்திய வங்கி 2011 செப்டம்பர் 6 அன்று ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே போக விடமாட்டோம் என்று அறிவித்திருந்தது. விலை 1.20ஐ நெருங்கும்போதெல்லாம் வாங்கினால் சில பிப் மேலே வரும். அதைவிட எளிய எதிர்த்திசை டிரேடை நான் பார்த்ததில்லை. மாதக் கணக்கில் பெரும்பாலும் வெற்றி, அந்த வெற்றி என்னை லாட்டை ஏற்ற வைத்தது. 2015 ஜனவரி 15, சிங்கப்பூரில் மாலை ஐந்தரை, ரயிலில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். அந்த வங்கி வாக்கைக் கைவிட்டது. யூரோ சில நிமிடங்களில் 1.00க்கும் கீழே போனது. என் ஸ்டாப் 1.1985இல் இருந்தது, நிறைவேறியது 1.03க்குப் பக்கத்தில். நடுவில் வாங்க ஆளே இல்லை. 30 பிப் இழக்கலாம் என்று கணக்குப் போட்ட டிரேடில் 1,700 பிப் போனது, கணக்கில் இருந்த 4,200 டாலரும் தீர்ந்து, மேற்கொண்டு பணம் கட்டச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. அந்த அடியில் பிரிட்டனில் அல்பாரி என்ற புரோக்கர் நிறுவனமே திவாலானது, அமெரிக்கப் புரோக்கர் எஃப்எக்ஸ்சிஎம் பிழைக்க 30 கோடி டாலர் கடன் வாங்கியது. ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்பு 2018இல் சில்லறை டிரேடர்களுக்கு லீவரேஜை (போட்ட பணத்தைப் போல எத்தனை மடங்குக்கு டிரேட் செய்யலாம் என்பதை) முக்கிய ஜோடிகளில் 30 மடங்கோடு நிறுத்தி, போட்ட பணத்துக்கு மேல் இழக்க முடியாது என்ற பாதுகாப்பையும் கட்டாயமாக்கியது. நீங்கள் கணக்குத் திறக்கும் இடத்தில் அந்தப் பாதுகாப்பு எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 2016 அக்டோபர் 7 அதிகாலை பவுண்டு, 2019 ஜனவரி 3 அதிகாலை யென் என்று அதற்கப்புறமும் இப்படி நடந்திருக்கிறது, இரண்டும் ஆசிய நேரத்தின் ஆள் குறைந்த நிமிடங்களில்.

அதனால் லாட் அளவு. 2000 டாலரில் ஒரு டிரேடுக்கு அரை சதவீதம், 10 டாலர். ஸ்டாப் 15, ஸ்லிப்பேஜுக்கு 1, மொத்தம் 16 பிப். ஒரு மைக்ரோ லாட்டில் (1,000 யூரோ) ஒரு பிப் 10 சென்ட், ஆக 6 மைக்ரோ லாட், பிப்புக்கு 60 சென்ட். இப்போது இன்னொரு கணக்கு, இதை யாரும் சொல்ல மாட்டார்கள்: எல்லாம் நன்றாக நடந்து, எல்லாச் செலவும் போக டிரேடுக்கு அரை பிப் மிஞ்சினால், மாதம் 30 டிரேடில் 15 பிப், 9 டாலர். தினம் மாலை மூன்று மணி நேரம் திரையைப் பார்த்ததற்கு மாதம் 9 டாலர். இந்த எண் பிடிக்காமல்தான் எல்லோரும் லாட்டை ஏற்றுகிறார்கள், ஏற்றினால் மெல்லிய லாபம் பெரிதாவதற்கு முன்னால் கூட்டமாக வரும் தோல்வி கணக்கைக் காலி செய்துவிடும். முதல் வருடத்தில் இதை வருமானமாகப் பார்க்காதீர்கள், குறைந்த செலவில் ஆயிரம் டிரேடு சேர்க்கும் காலமாகப் பாருங்கள். புரோக்கர் செலவிலும் கண் வையுங்கள். ஸ்பிரெட் 0.2 என்று காட்டி, ஸ்டாண்டர்ட் லாட்டுக்கு (1,00,000 யூரோ) போக வர 7 டாலர் கமிஷன் வாங்கினால் அது இன்னொரு 0.7 பிப், மொத்தம் 0.9.

இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டு ஃபாரெக்ஸ் தளங்களுக்கு மார்ஜின் பணம் (டிரேடுக்கான பிணைத்தொகை) அனுப்புவது ரிசர்வ் வங்கி விதிகளில் அனுமதிக்கப்பட்டதல்ல, அங்கீகாரம் இல்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை அது 2022 செப்டம்பரிலிருந்து வெளியிட்டு வருகிறது. சிங்கப்பூரில் உட்கார்ந்து நான் சொல்வதை வைத்து அங்கே கணக்குத் திறந்துவிடாதீர்கள்.

தம்பி, உண்மைக் கணக்கு இப்போது வேண்டாம். திறந்தே ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு மைக்ரோ லாட்டில், ஸ்லிப்பேஜ் எவ்வளவு என்று அளப்பதற்காக மட்டும் திறங்கள். கேட்ட விலை, கிடைத்த விலை, அந்த நொடியின் ஸ்பிரெட், லண்டன் நேரம், ஒரு மணி சார்ட்டின் திசை, எத்தனை கேண்டிலில் முடிந்தது, இவை ஒவ்வொரு டிரேடுக்கும் எழுதுங்கள். இப்போதைக்கு உங்கள் 14 தோல்வியின் நேரங்களை, தள்ளி வைத்த அந்த நான்கையும் சேர்த்து, நியூயார்க் நேரத்துக்கு மாற்றி எனக்கு அனுப்புங்கள். பாதிக்கு மேல் காலை 8:30க்கும் 10:30க்கும் நடுவில் இருக்கும் என்று நினைக்கிறேன், இருந்தால் அந்த இரண்டு மணி நேரத்தை வெட்டிவிட்டு மிச்சத்தைச் சேர்ந்து பார்ப்போம்.